இரண்டு விதமாகச் செத்த கம்ப்யூட்டர்

வியாகுலம்மாள் வீட்டுக் கம்ப்யூட்டர் வேலை செய்த நேரத்தைவிடச் செத்துக் கிடந்த நேரம்தான் அதிகம். அது செத்தபோதெல்லாம் வீட்டில் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். அபினா.

அபினா ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். வியாகுலம்மாள் அவளுக்கு மாமி, அதாவது அப்பாவின் அக்கா. கடியப்பட்டணத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறாள். கம்ப்யூட்டர் மாமியுடையது. இண்டர்நெட்டும் மாமியுடையது. பழி மட்டும் அபினாவுடையது.

அபினாவின் அப்பா கபிரியேல் பஹ்ரைனில் லாஞ்சு என்கிற பெரிய படகில் மீன் பிடிக்கிறார். கடலில் இருக்கும்போது அவரிடம் பேச வழியில்லை. கரைக்கு வந்தால், அங்கே ஒரு நண்பரின் அறைக்குப் போய், நண்பருடைய கம்ப்யூட்டரில் வீடியோ கால் போடுவார். அபினா வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் அம்மா லீமா கைக்குழந்தை பிரிஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அபினாவையும் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போவாள்.

பிரிஜா பிறந்தது அப்பா பஹ்ரைனுக்குப் போன பிறகு. அவளை அப்பா போட்டோவில் பார்த்திருக்கிறார். அவள் சிரிப்பதையும் கை காலை ஆட்டுவதையும் இன்னும் பார்த்ததில்லை. பார்ப்பதற்காகவே அவர் வாங்கி அனுப்பிய கேமரா ஒன்று, தவளை மாதிரி கண்ணை உருட்டிக்கொண்டு மாமி வீட்டு மானிட்டர்மேல் உட்கார்ந்திருந்தது.

ஆனால் நடந்தது என்ன? திரையில் அப்பாவின் முகம் வரும். "மக்கா, கேமராவப் போடு" என்பார். அபினா நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் போடுவாள். உடனே திரை முழுக்க நீலமாகிவிடும். அதில் வெள்ளை எழுத்தில் ஏதேதோ இங்கிலீஷ் ஓடும். அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிடும். மறுபடியும் போட்டால் மறுபடியும் நீலம். அதற்குள் அப்பா படகுக்குப் போயிருப்பார்.

மாமியின் மகன் பெனிட்டோ பத்தாம் வகுப்பு. அவன் நாள் முழுக்க அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அவன் உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை, அபினா உட்கார்ந்தால் சாகிறது என்று மாமி கணக்குப் போட்டாள். கூட்டலில் பிழையில்லை. விடைதான் தப்பு.

ஒவ்வொரு தடவையும் தக்கலைப் பக்கத்திலிருந்து எட்சன் என்ற மெக்கானிக் பைக்கில் வருவார். பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து பட்டையாக ஒன்றை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகுவார். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார். அதற்கு ஃபார்மட் என்று பெயர். புறப்படும்போது வாசலில் நின்று அறிவுரை சொல்வார். ஒரு தடவை, கடற்கரை உப்புக் காற்று பெட்டிக்குள் போகக் கூடாது என்றார். இன்னொரு தடவை, சின்னப் பிள்ளைகள் கை படக் கூடாது என்றார்.

வேலைக்குத்தான் கூலி, அறிவுரை இனாம். இனாமாகக் கிடைத்த எதையும் மாமி வீணாக்க மாட்டாள். அன்றிலிருந்து அபினா நாற்காலிப் பக்கம் போகக் கூடாது என்று ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா அபினாவை மாமி வீட்டுக்கு அனுப்பினாள். மாமி சந்தைக்குப் போயிருந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கார் பந்தய விளையாட்டின் சத்தம் காதைப் பிளந்தது. திடீரென்று சத்தம் நின்றது. பெனிட்டோ பல்லைக் கடித்துக்கொண்டு யாரையோ திட்டினான்.

அபினா கதவைத் தள்ளிப் பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது. பெட்டியில் மூச்சுப் பேச்சில்லை. பெனிட்டோவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"கரண்டு போச்சுட்டி" என்றான் அவன்.

அபினா அண்ணாந்து பார்த்தாள். "அப்போ ஃபேன் எங்ஙன சுத்துது அத்தான்?"

பெனிட்டோ மேலே பார்க்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதே என்றான். பரீட்சை வருகிற நேரத்தில் விளையாடியது தெரிந்தால் அம்மா பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துவிடுவாள் என்றான். கடலை மிட்டாய் தருவதாகவும் சொன்னான்.

"நான் இல்லாதப்பவும் இது சாகுதுல்லா?" என்று கேட்டாள் அபினா.

"அது வேற, இது வேற. நீ வீட்டுக்குப் போட்டி."

தப்பித்துக்கொள்ளத்தான் அவன் அப்படிச் சொன்னான். ஆனால் அபினா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு போனாள். அவள் முன்னால் சாகும்போது திரை நீலமாகிறது, எழுத்து வருகிறது, பெட்டிக்குள் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெனிட்டோ முன்னால் சாகும்போது விளக்கை அணைத்த மாதிரி எல்லாமே நின்றுபோகிறது. ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவனுக்குக் கால் முறிவு என்றால் இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்குமா? பெனிட்டோ அவனை அறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டான். அது வேறு சாவு, இது வேறு சாவு.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லீமா குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, மாமியிடம் இதையெல்லாம் பேசப் போகாதே என்றாள்.

"நான்தான் கெடுத்தேன்னு நீயும் நம்புதியா அம்மா?"

லீமா நிமிரவில்லை. "நம்பலன்னு சொன்னா அந்த வீட்டு வாசல்ல நாம கால் வைக்க முடியுமா மக்கா?"

அபினாவுக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து வரும்போதே மாமி வழிமறித்துச் செய்தி சொன்னாள். கபிரியேல் போன் செய்தானாம். கரையில்தான் இருக்கிறானாம். மத்தியானம் கூப்பிடுவானாம். சாயங்காலம் படகு புறப்பட்டால் பிறகு எப்போது கரை வருவது என்று அவனுக்கே தெரியாதாம்.

மாமி வீட்டுக்குப் போனதும் அபினா ஒரு முயற்சி செய்து பார்த்தாள். நேற்று பெனிட்டோ அத்தான் விளையாடும்போதும் அது அணைந்தது என்று மாமியிடம் சொன்னாள். மாமி மகனைப் பார்த்தாள். பெனிட்டோ கண் இமைக்காமல், நேற்று அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை என்றான். ஜெபம் சொல்லுகிற முகத்தோடு சொன்னான்.

"கேட்டியாட்டி? தப்பையும் செய்துக்கிட்டு எனக்க பிள்ள மேல பழி போடுதியா?" என்றாள் மாமி. "லீமாவும் குழந்தையும் உள்ள வரட்டும். நீ முற்றத்தில நில்லு. நெத்தலி காயுது, காக்கா வராமப் பாரு."

அபினா அம்மாவைப் பார்த்தாள். லீமா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாக இருந்த தொப்பி அது.

"வெளிய நில்லு மக்கா" என்றாள் மெதுவாக.

முற்றத்தில் வலைமேல் நெத்தலி பரப்பியிருந்தது. மேலே குறுக்கே ஒரு கயிறு. காக்காயை விரட்ட அந்தக் கயிற்றில் பழைய சி.டி.க்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள் மாமி. காற்றில் அவை சுற்றும்போது வெயில் பட்டு மின்னும். காக்காய் மிரண்டு ஓடும். கருவாடு காயப்போடும் வீடுகளில் பாடாத சி.டி.க்கு அந்த வேலைதான்.

கையில் ஒரு கம்போடு அபினா வெயிலில் நின்றாள். ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் கேட்டது. லீமாவைக் கேட்டார். குழந்தையைக் கேட்டார். கேமராவைப் போடச் சொன்னார்.

அதோடு குரல் அறுந்துபோனது.

ஜன்னல் வழியாகத் தெரிந்த திரை முழுக்க நீலம். பிறகு ஜன்னலில் மாமியின் முகம் தெரிந்தது. அது அபினாவைத் தேடியது.

"நான் இங்ஙனதான் நிக்குதேன் மாமி" என்றாள் அபினா.

மாமி அவளையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "உனக்க கண்ணு பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அபினாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கையால் கெட்டது என்றார்கள். கையைக் கட்டி முற்றத்தில் நிறுத்தினால், கண்ணால் கெட்டது என்கிறார்கள். இனி கண்ணையும் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று உறுதியாயிற்று. அவள் இல்லாமலும் அது நீலமாகிறது. அப்படியானால் நாற்காலியில் யார் இருந்தாலும் ஒன்றுதான். கேமராவைப் போட்டால்தான் நீலம்.

அப்போது ஒரு காக்காய் கயிற்றுக்கு வெகு அருகில் வந்தது. அபினா கம்பை ஓங்கியபடி மேலே பார்த்தாள். சுற்றிக்கொண்டிருந்த சி.டி.க்களில் ஒன்று நின்று அவள் பக்கம் திரும்பியது. மற்றவற்றில் நடிகர்களின் படம் இருந்தது. இதில் ஒரு தவளைக்கண் கேமராவின் படம் இருந்தது.

மானிட்டர்மேல் உட்கார்ந்திருக்கும் அதே கேமரா.

கயிற்றை இழுத்து அதை அவிழ்த்தாள். பாதியில் காக்காய் எச்சம். அப்படியே எடுத்துக்கொண்டு, அனுமதி கேட்காமல் உள்ளே போனாள்.

இது ஏது மாமி என்று கேட்டாள். மாமிக்கு மறைக்க ஒன்றுமில்லை. அப்பா அனுப்பிய கேமரா வந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்ததாம். பிளேயரில் போட்டுப் பார்த்தாளாம். பாட்டும் இல்லை, படமும் இல்லை. ஒன்றுக்கும் உதவாத சி.டி. என்று கயிற்றில் கட்டிவிட்டாளாம்.

"அப்போ நீங்க எந்த சி.டி. போட்டிய அத்தான்?"

பெனிட்டோ தலையைச் சொறிந்தான். கேமராவின் சி.டி.யைக் காணவில்லை என்று பள்ளிக்கூட நண்பன் ஒருவனின் கேமரா சி.டி.யை வாங்கி வந்து போட்டானாம். இது இந்தக் கேமராவுக்கு உரியதல்ல என்று கம்ப்யூட்டர் எச்சரித்ததாம். பரவாயில்லை, மேலே போ என்று அமுக்கிவிட்டானாம். எட்சன் ஃபார்மட் செய்துவிட்டுப் போகும்போதெல்லாம் திரும்பவும் அதையே போட்டானாம்.

"கேமரான்னா கேமராதானே" என்றான்.

மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபில் டீச்சர் சொன்னதை மாமிக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று அபினா யோசித்தாள்.

"மாமி, கேமரா சொல்லுதது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நடுவில ஒரு தரகர் வேணும். அதுக்குப் பேரு டிரைவர். அந்தத் தரகர் இந்த சி.டி.க்குள்ள இருக்காரு. நாம அவரக் காக்கா விரட்ட அனுப்பிட்டு, வேற கேமராவுக்க தரகர உள்ள வச்சிருக்கோம். அவருக்கு இந்தக் கேமரா சொல்லுதது ஒண்ணும் மனசிலாகல. அவரு தப்பாச் சொல்ல, கம்ப்யூட்டரு மயங்கி விழுது."

தரகு என்றதும் மாமியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. மோசமான தரகர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் அபினா பெட்டியைத் தொடுவதற்கு அவள் சம்மதிக்கவில்லை.

"நான் தொடல" என்றாள் அபினா. "அத்தான் கையாலயே போடட்டும்."

குழாயடியில் சோப்புப் போட்டு எச்சத்தைக் கழுவினாள். பிரிஜாவின் மெல்லிய துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் துடைத்தாள். தகட்டில் கீறல் அதிகமில்லை. பெனிட்டோ முதலில் பழைய டிரைவரை நீக்கினான். பிறகு கழுவிய சி.டி.யை உள்ளே தள்ளினான். அது சுழன்றது. திரையில் பச்சைக் கோடு ஒன்று வளரத் தொடங்கியது. பாதியைத் தாண்டியது.

பட்டென்று எல்லாம் அணைந்தது.

"பாத்தியா" என்றாள் மாமி.

லீமா கண்ணை மூடிக்கொண்டாள். மாமியின் போன் அடித்தது. அப்பாதான். படகுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்க முடியும் என்றார்.

அபினா திரையைப் பார்த்தாள். கறுப்பு. நீலம் இல்லை, எழுத்தும் இல்லை.

"இது அந்தச் சாவு இல்ல" என்றாள். "இது அத்தானுக்க சாவு."

பெனிட்டோ குனிந்துகொண்டான். காலையில் மறுபடியும் அந்தக் கார் விளையாட்டை ஓட்டியிருக்கிறான் என்று அந்தக் குனிவே சொன்னது. அபினா பெட்டியின் பின்புறம் கை வைத்தாள். உடனே இழுத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது.

பெட்டியைத் திருப்பினாள். பின்னாலும் பக்கவாட்டிலும் இருந்த அத்தனை துளைகளையும் பழுப்பு நிற டேப் மூடியிருந்தது. கருவாட்டுப் பெட்டிகளை ஒட்டுகிற டேப். காற்றாடி சுழல்கிற இடத்தில் இரண்டு அடுக்கு ஒட்டியிருந்தது.

அதைச் செய்ததும் மாமிதான். உப்புக் காற்று உள்ளே போகக் கூடாது என்று எட்சன் சொன்னாரே, அதற்காகவாம். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள்.

"உப்பு போகல மாமி. மூச்சும் போகல. உள்ள இருக்குத சூடெல்லாம் வெளிய வர வழியில்லாம அது தன்னால நின்னுபோகுது."

யாருடைய பதிலுக்கும் காத்திராமல் அபினா டேப்பை உரித்தாள். காற்றாடியில் பஞ்சு மாதிரி தூசி அடைந்திருந்தது. பெனிட்டோ ஓடிப்போய்ப் பெயிண்ட் பிரஷ் ஒன்றை எடுத்து வந்து துடைத்தான். பெட்டியை ஜன்னலோரம் இழுத்து, அது ஆறும்வரை எல்லோரும் சும்மா நின்றார்கள். சும்மா நிற்பதுதான் அன்றைக்குச் செய்ததிலேயே கஷ்டமான வேலை.

பிறகு பெனிட்டோ சுவிட்சைப் போட்டான். பச்சைக் கோடு மறுபடி வளர்ந்து கடைசிவரை போனது. பெனிட்டோ கேமராவைப் போட்டான். தவளைக்கண்ணில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

திரையில் அப்பா வந்தார். நீலம் வரவில்லை.

லீமா குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிரிஜா திரையிலிருந்த மூக்கைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கிடைக்கவில்லை. சிரித்தாள். அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். அங்கே வெயில் அதிகம்போல.

அபினா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

பெட்டி எப்படிச் சரியாயிற்று என்று அப்பா கேட்டார்.

"எனக்க மோன் சரியாக்கினான்" என்றாள் மாமி.

முழுப் பொய்யும் இல்லை. அமுக்கியதெல்லாம் பெனிட்டோவின் விரல்தானே. பெனிட்டோ கீபோர்டில் எந்த எழுத்தையோ தொலைத்துவிட்டவன் மாதிரி தேடிக்கொண்டிருந்தான். அப்பா அவனை மெச்சினார். கெட்டிக்காரன், வரும்போது ஒரு வாட்ச் வாங்கி வருகிறேன் என்றார். பிறகு சிரித்தார்.

"அக்கா, அபினா எங்க? அவள இனி அந்தப் பெட்டிப் பக்கம் விடாதிய."

அது விளையாட்டுச் சிரிப்புதான்.  நான்தான் சரியாக்கினேன் என்று அபினா கத்தலாம். ஆனால் அப்பாவுக்கு இருப்பது கொஞ்ச நேரம். அந்த நேரத்தைப் பிரிஜாவிடமிருந்து பிடுங்கிச் சண்டைக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல" என்று ஒரு குரல் கேட்டது.

லீமாவின் குரல். அந்த வீட்டில் லீமா 'இல்ல' என்று சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

"பெட்டியக் கெடுத்தது அபினா இல்ல. கேமரா ஏன் ஓடலன்னு கண்டுபிடிச்சது அவ. சூடானதக் கண்டுபிடிச்சதும் அவ. பெனிட்டோ அவ சொன்னதச் செய்தான், அவ்வளவுதான்."

 மாமி லீமாவை, விலை படியாமல் திரும்பி வந்த மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அடுத்த தடவை அப்பா கரைக்கு வரும்போது இந்த வீட்டுக் கதவு திறக்குமா, தெரியாது. லீமாவுக்கும் தெரியாது. அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"அவ சொல்லுதது உள்ளதா அக்கா?" என்று அப்பா கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

மாமி நெத்தலியைப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பெனிட்டோ மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரம் ஒதுங்கினான்.

"மக்கா" என்றார் அப்பா. "முன்னால வா. உன்ன நான் இன்னும் பாக்கல."

அபினா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேமரா இப்போது எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டிக்கொண்டிருந்தது.